பணம் அச்சிடப்படும் காலத்தில் சேமிப்பாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 முதல் 2022 வரை இலங்கையில் எங்கள் தலைமுறையினர் செய்த பிழைகளையே, வைப்புகள் பற்றி ஆலோசனை கேட்டு வரும் இளம் குடும்பங்கள் இன்று மீண்டும் செய்வதைக் காண்கிறேன். எல்லோரும் அறிந்த சிக்கன அறிவுரைகளை விடுத்து, உண்மையில் பணத்தைக் கரைப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

வட்டி சற்றுக் கூடுகிறதென்று நீண்ட காலத்துக்குக் கட்டிவைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. 2019 இறுதியில் வற் எனும் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அரச வருமானம் சரிந்தது. அரசு குறுகிய காலக் கடனுக்காக ஏலத்தில் விற்கும் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களுக்கு உச்ச வட்டி வரம்பு விதிக்கப்பட்டதால், அந்த வட்டிக்கு எவரும் வாங்காமல் எஞ்சியவற்றை மத்திய வங்கியே புதுப் பணம் உருவாக்கி வாங்கியது. ஆகவே, வைப்பு வட்டி தாழ்ந்து கிடந்ததும் பணம் பெருகியதும் ஒரே முடிவின் விளைவுகள். தாழ்ந்த வட்டியே எச்சரிக்கையாக இருந்தது.

அந்த நாட்களில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தமது பணிக்கொடையை ஐந்தாண்டு நிலையான வைப்பில் இட்டுவிட்டு, "முதல் குறையாதுதானே, தம்பி" என்றார். முதல் குறையவில்லை. ஆனால் 2021 இல் 380 ரூபாய்க்கு விற்ற 400 கிராம் பால்மா பக்கற், 2022 மார்ச்சில் 790 ரூபாயானது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதம். ஓராண்டுக்கு முன் 6 சதவீத வட்டிக்கு இட்ட 10 இலட்சம், வட்டியோடு 10.6 இலட்சமாகத் திரும்பியபோது, முந்தைய ஆண்டு ஏறத்தாழ 6.24 இலட்சத்துக்கு வாங்கக்கூடியதைத்தான் வாங்கியது.

2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வட்டிகளுக்கு அடிப்படையாகத் தான் விதிக்கும் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்திய பின்னரும், முறித்தால் சேர்ந்த வட்டி குறையுமென்று அஞ்சி அவர் வைப்பை எடுக்கவில்லை. அவ்வாண்டிலேயே திறைசேரி உண்டியல் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. முறிப்பதால் வரும் இழப்பையும் புதிய வட்டியால் வரும் வரவையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்திருந்தால் அவருக்கே விடை தெரிந்திருக்கும். வட்டி தாழ்ந்திருக்கும்போது மூன்று மாதம், ஆறு மாதம் என்று பிரித்து இடுங்கள். உண்டியல் ஏலங்களில் எவ்வளவு விற்காமல் எஞ்சுகிறது என்பதைப் பார்த்துவாருங்கள்.

பணவீக்கம் குறைந்தால் விலை குறைந்ததென எண்ணுவது

2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதத்துக்கு இறங்கியது. அது, ஏறிய விலைக்கு மேல் ஏறிய சிறு ஏற்றம். பழைய விலை திரும்பவில்லை.

பயத்தில் டொலர் வாங்குவது

2022 மே மாதத்தில் 360 ரூபாய் கொடுத்து வாங்கியவர்கள், 2024 இல் அது 300 ரூபாயை நெருங்கியதைக் கண்டார்கள்.

அனுமதி பெறாத நிறுவனங்களில் வைப்பிடுவது

வேண்டாம்.

புதிய சட்டம் காக்குமென்று கவனிக்காமல் விடுவது

2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசின் உண்டியல்களை மத்திய வங்கி நேரடியாக வாங்குவதைத் தடுக்கிறது. நல்ல தடை அது. எனினும் சட்டத்தைப் பாராளுமன்றம் திருத்த முடியும். ஏல முடிவுகளை வாரந்தோறும் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.