கூப்பர் கிரீக்கை வரைபடத்தில் பின்தொடர்வது எப்படி?

கடலுக்குப் போகாத ஆறு ஒன்றை வரைபடத்தில் படித்துப் பழக ஆசையா? ஆஸ்திரேலியாவின் கூப்பர் கிரீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தைத் தேடிப் போக வேண்டாம். முடிவிலிருந்து, நீர் வரும் திசைக்கு எதிராக மேலே ஏறுவதுதான் என் வழக்கம். கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே கிடக்கும் ஐர் ஏரிதான் அந்த முடிவு. 2012 முதல் அந்த மண்ணின் பூர்வகுடிகளான அரபானா மக்கள் வழங்கும் பெயரும் சேர்ந்து 'கட்டி தண்டா–ஐர் ஏரி' ஆகிவிட்டது. தேடும்போது இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் செயற்கைக்கோள் படத்துக்கு மாறுங்கள். சாதாரண வரைபடத்தின் நீலக் கோடு ஏரிவரை போகும். படத்திலோ கீழ்ப்பகுதி முழுக்க மணல்மேடும் வறண்ட தடமும்தான். பெருவெள்ள ஆண்டுகளில் மட்டுமே தண்ணீர் ஏரியை எட்டும்.

மேலே இன்னமிங்கா ஊருக்கு வாருங்கள். அருகே கல்யாமரா என்ற மடு, ஆறு காய்ந்தாலும் கரும்பச்சையாகத் தெரியும். இங்கே ஆறு கிளைகளைச் சேர்ப்பதற்குப் பதில் தானே பிரிகிறது. ஒரு கிளை வடமேற்கில் கூங்கி ஏரிகளுக்கு. வெள்ளம் மிஞ்சினால் ஸ்ட்ரெலெக்கி கிரீக் வழியாகத் தெற்கேயும் வழியும். இன்னும் மேலே 'சேனல் கன்ட்ரி'. நூற்றுக்கணக்கான வாய்க்கால்கள் பின்னிக் கிடக்கும். முதன்மை வாய்க்கால் எது என்று தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மொத்தப் பட்டையையே ஆறாக எடுத்துக்கொண்டு வின்டோரா ஊர் வரை ஏறுங்கள். அதற்கு மேலே தாம்சன் ஆறும் பார்க்கூ ஆறும் கூடுகின்றன. இரண்டு ஆறுகள் சேர்ந்து ஒரு 'கிரீக்', அதாவது ஓடை!

இந்தக் குழப்பத்துக்கு விடை வேண்டுமென்றால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வைத்தவர், ஆண்டு, அவர் வந்த திசை மூன்றையும் எழுதுங்கள். நாடாய்வுப் பயணி சார்லஸ் ஸ்டர்ட் 1845-இல் தெற்கிலிருந்து வந்தார். நீரோட்டம் இல்லாததால் ஆறு என்று சொல்ல மனம் வரவில்லை. தெற்கு ஆஸ்திரேலிய நீதிபதி சார்லஸ் கூப்பரின் பெயரை வைத்து கிரீக் என்று குறித்தார். 1846-இல் தாமஸ் மிட்செல் கிழக்கிலிருந்து வந்து மேல்பகுதியைக் கண்டார். வடகடலுக்குப் போகும் பேராறு என்று நம்பி விக்டோரியா எனப் பெயரிட்டார். மறு ஆண்டே எட்மண்ட் கென்னடி அதைத் தொடர்ந்து போய், அது தென்மேற்கே திரும்புவதைக் கண்டார். அந்த மண்ணின் மக்கள் சொன்ன பார்க்கூ என்ற பெயரைப் பதிந்தவரும், தாம்சனுக்குப் பெயரிட்டவரும் அவர்தான்.

பழைய பயணக் குறிப்புகளில் 'விக்டோரியா ஆறு' வந்தால் மட்டும் உஷார். வடக்குப் பிரதேசத்தில் அதே பெயரில் வேறொரு ஆறு இருக்கிறது. அது கடலில் கலப்பது. ஆண்டைப் பார்த்துவிட்டு எந்த ஆறு என்று முடிவு செய்யுங்கள்.