தரை போடும் முன் அடியிலிருக்கும் ஈரத்தைப் பாருங்கள்: மலையக வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்குத் தரை போடப் போகிறவர்கள் பெரும்பாலும் கடையில் நின்றுதான் முடிவெடுக்கிறார்கள். கொழும்பு ஷோரூமில் லேமினேட்டும் காபட்டும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே மாதம் பிடிக்கும் மழை செப்டெம்பர் வரை விடாது. பதுளை, பண்டாரவளைக்கு டிசம்பரிலும் ஜனவரியிலும் வடகீழ்ப் பருவமழை. நுவரெலியாவில் சில இரவுகளில் 10 பாகை செல்சியசுக்கும் கீழே குளிர் இறங்கும். இங்கே தரையைக் கெடுப்பது அடியிலிருந்து ஏறும் ஈரம். அதைப் பார்க்காமல் நிறத்தையும் பளபளப்பையும் பார்த்து வாங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

நம் வீடுகள் பல மண்மேட்டை வெட்டிக் கட்டியவை. பின்சுவர் மேட்டை ஒட்டி நிற்கும். மழைத் தண்ணீர் மண்ணுக்குள்ளால் இறங்கி நேரே அந்த அறையின் அடிக்கு வரும். பின்பக்கம் கான் (வடிகால்) வெட்டி அந்தத் தண்ணீரைத் திருப்பிவிடாமல் என்ன விலைக்குத் தரை போட்டாலும் வீண். புதிதாகக் கட்டுகிறவர்கள் கொங்கிறீட் போடும் முன் 1000 கேஜ் தடிப்புள்ள பொலித்தீனை விரித்து, மூட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று நன்றாக ஏற்றி ஒட்டச் சொல்லுங்கள். மேசன் பாஸ் மறந்தாலும் நீங்கள் மறக்க வேண்டாம், பிறகு அதைச் செய்யவே முடியாது. நல்ல வெயில் காலத்திலேயே நாலு அங்குலக் கொங்கிறீட் காய்வதற்கு மூன்று நான்கு மாதம் பிடிக்கும். மழையில் இன்னும் கூடும். மேலே தொட்டுப் பார்த்துக் 'காய்ந்துவிட்டது' என்று நம்பி அவசரப்படாதீர்கள்.

சந்தேகமென்றால் இதைச் செய்யுங்கள். இரண்டடிச் சதுரத்தில் தெளிவான பொலித்தீன் துண்டொன்றைத் தரையில் விரித்து, நாலு ஓரத்தையும் டேப்பால் இடைவெளி விடாமல் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். உரிக்கும்போது உட்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கருத்துத் தெரிந்தாலோ தரை இன்னும் தயாராகவில்லை. பின்சுவர்ப் பக்கம் ஒன்றும் இஸ்தோப்புப் (முன் விறாந்தை) பக்கம் ஒன்றுமாக ஒட்டிப் பாருங்கள், பெரும்பாலும் வித்தியாசம் தெரியும்.

தோட்டத்து வரிசை வீடுகளான லய அறைகளில் பழைய சீமெந்துத் தரையை மறைக்க வைனில் ஷீட் வாங்கி விரிப்பது வழக்கம். விலை குறைவு, வேலை சுலபம். ஆனால் ஈரத் தரையில் சுவரோடு சுவர் ஒட்டிவிட்டால் மூலையைத் தூக்கிப் பார்க்கும்போது அடியில் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம், கூடவே புளித்த வாடை. ஒட்டாமல் விரித்து, மழை விட்ட நாளில் சுருட்டிக் காயவிடுங்கள். விறகடுப்புள்ள சமையலறைக்கு வைனில் வேண்டவே வேண்டாம். ஒரு தணல் தெறித்தால் ஓட்டை விழுந்துவிடும். அங்கே சீமெந்தோ டைல்ஸோதான் சரி.

லேமினேட் மரம்போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது அழுத்திய மரநார்ப் பலகை. ஈரம் குடித்தால் மூட்டுகள் உப்பும், உப்பியது மறுபடி இறங்காது. அதே தோற்றம் வேண்டுமென்றால் எஸ்.பி.சி. எனப்படும் கல்தூள் கலந்த வைனில் பலகை தண்ணீருக்கு அசையாது. இவை இரண்டில் எதைப் போட்டாலும் சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீற்றர் இடைவெளி விடச் சொல்லுங்கள். விடாவிட்டால் தரை நடுவில் தூக்கிக்கொள்ளும்.

குளிருக்குக் காபட் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் கீழ்த்தளத்தில் சுவர்வரை ஒட்டும் காபட்டை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஈரக்காற்றில் தூசிப்பூச்சிகள் நன்றாகப் பெருகும், வீட்டில் இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகள் இருந்தால் பாடுபடுவது அவர்கள்தான். கட்டிலடியிலும் பிள்ளைகள் படிக்கும் இடத்திலும் எடுத்து உதறி வெயிலில் போடக்கூடிய சிறு விரிப்பு போதும். வாங்கும்போது திருப்பிப் பாருங்கள்: பின்பக்கம் சணலென்றால் ஈரத்தில் இற்றுப்போகும். மேலே உள்ள இழையையும் கேளுங்கள்: பொலிபுரப்பிலீன் தண்ணீர் குடிக்காது, ஆனால் நடக்கும் வழியில் சீக்கிரம் படிந்துவிடும். நைலோன் நிமிர்ந்து நிற்கும். கம்பளி கதகதப்பானது, ஆனால் ஈரத்தை நிறைய உறிஞ்சும், பனிமூட்டத்தில் லேசில் காயாது.

டைல்ஸ் தெரிவில் நடக்கும் ஆபத்தான தவறு, பளபளப்பானதை இஸ்தோப்பிலும் படியிலும் ஒட்டுவது. இடுப்பில் கட்டிய, மழையில் நனைந்த படங்கோடும் சேற்றுக் காலோடும் ஏறி வருகிற வயதான அம்மா அங்கேதான் வழுக்குவார். வழுக்குத் தடுப்பு அளவு வெளியிடத்துக்கு ஆர்11 என்றிருக்க வேண்டும். பெட்டியில் அது இல்லையென்றால் கடையிலேயே டைல்ஸில் தண்ணீர் ஊற்றிக் காலால் தேய்த்துப் பாருங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. விலை குறைவென்று சுவர் டைல்ஸைத் தரைக்கு வாங்க வேண்டாம், அது நடமாட்டம் தாங்காது. கணக்குக்கு மேல் பத்து சதவீதம் கூடுதலாக, எல்லாப் பெட்டியிலும் ஒரே பட்ச் (தயாரிப்புத் தொகுதி) எண் பார்த்து வாங்குங்கள். பிறகு தேடினால் அதே நிறம் கிடைப்பது கஷ்டம்.