கரி முழுதும் சிவக்க வேண்டாம்: நீண்ட நேரப் புகைச் சமையலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிரிஸ்கெட் எனப்படும் மாட்டு நெஞ்சுக்கறியைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் புகையில் வேகவிடுவார்கள். வட, தென் கரோலினா மாநிலங்களில் பன்றித் தோள்கறிக்கும் அதே பொறுமைதான். அதற்குத் தேவையான வெப்பம் 107 முதல் 121 டிகிரி செல்சியஸ், அங்குள்ளவர்கள் கணக்கில் 225 முதல் 250 டிகிரி ஃபாரன்ஹீட். தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். இறுகிய கறியில் உள்ள இணைப்புத் திசு உருகி இளகுவதற்கு இந்த மந்தமான சூடும் நீண்ட நேரமும் வேண்டும்.

கறி கெட்டுப்போனால் மசாலாவையும் மாட்டையும் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குற்றவாளி கரி மூட்டிய முதல் அரை மணி நேரம்.

முதல் தவறு, எல்லாக் கரியையும் ஒரேயடியாகப் பற்றவைப்பது. நேரடி நெருப்பில் வாட்டும் சமையலுக்கு அது சரி. கரி முழுதும் கனன்று, மேலே நீறு பூத்த பிறகு கறியை வைத்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு மெதுவான சமையலுக்கு வருபவர், சிம்னியை (அடியில் காகிதம் வைத்துக் கரி மூட்டும் தகர உருளையை) நிரம்பப் பற்றவைத்து அப்படியே ஸ்மோக்கரில் (மூடியுள்ள புகையடுப்பில்) கொட்டிவிடுகிறார். பெரிய சிம்னி ஒன்றில் ஏறக்குறைய நூறு பிரிக்கெட் (கரித்தூளை அழுத்திச் செய்த கட்டி) பிடிக்கும். அத்தனையும் ஒன்றாகக் கனன்றால் வெப்பம் 200 டிகிரியைத் தாண்டிவிடும். மூன்று, நான்கு மணி நேரத்தில் கரி தீர்ந்தும் போகும். நடு இரவில் மூடியைத் திறந்து புதுக் கரி போட வேண்டிய நிலை.

இதற்குத் தலைகீழான வழி ஒன்று உண்டு. கரித்தொட்டி முழுதும் பற்றாத கரியை நிரப்பி, நடுவில் மட்டும் பதினைந்து இருபது தணல் துண்டுகளை வைப்பது. நெருப்பு பக்கத்துக் கரிக்கும் கீழே உள்ள கரிக்குமாக மெல்லப் பரவும். ஜிம் மினியன் என்ற அமெரிக்கப் போட்டிச் சமையல்காரர் 1990களின் இறுதியில் பரவச் செய்த முறை இது. இன்றும் அவர் பெயரால்தான் 'மினியன் முறை' என்கிறார்கள். நெட்டுக்குத்தான ஸ்மோக்கரில் ஒரு முறை நிரப்பினால் பத்து மணி நேரத்துக்கு மேல் தாராளமாகத் தாங்கும்.

வட்டமான, மூடியுள்ள கெட்டில் கிரில் மட்டுமே வைத்திருப்பவர்களுக்குப் பாம்பு முறை. பிரிக்கெட்டுகளைச் சுவரோரமாக இரண்டு வரிசை, இரண்டு அடுக்கு என்று அரைவட்டத்துக்குச் சற்றுக் கூடுதலாக அடுக்கி, ஒரு முனையில் பத்துத் தணல் துண்டுகளை வைத்தால் நெருப்பு வாலை நோக்கி ஊர்ந்து போகும். இங்கே நடக்கும் பிழை சின்னது, விளைவு பெரியது. அடுக்கும்போது ஒரு விரல் அளவு இடைவெளி விழுந்துவிட்டால் நெருப்பு அங்கே வந்து நின்றுவிடும். விடியற்காலையில் கிரில் ஆறிக் கிடக்கும். ஒவ்வொரு துண்டும் அடுத்ததன்மேல் சாய்ந்திருக்க வேண்டும். மரத்துண்டை அப்படியே கரியாக்கிய கட்டிக்கரியில் இந்த முறையைச் செய்யாமலிருப்பதே நல்லது. அதன் கோணல்மாணலான துண்டுகளில் இடைவெளி விழாமல் அடுக்க முடியாது.

அடுத்தது பற்றவைக்கும் திரவம். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படும் இந்த எண்ணெயை ஊற்றிக் கொளுத்தினாலும் கரி முழுதும் நீறு பூத்த பிறகு நாற்றம் பெருமளவு போய்விடும் என்று சொல்வார்கள். நேரடி வாட்டலுக்கு அந்த வாதம் ஓரளவு நிற்கும். மினியன் முறையிலோ பாம்பு முறையிலோ நிற்காது. இங்கே கரி கறியின் அடியில் மணிக்கணக்காக ஒவ்வொன்றாகப் புதிதாகப் பற்றிக்கொண்டே இருக்கிறது. திரவம் நனைத்த கரியாக இருந்தால் ஐந்தாவது மணி நேரத்திலும் அதன் ஆவி கறியில் ஏறும். தீக்குச்சி காட்டினாலே பற்றும்படி திரவம் ஊட்டி விற்கும் பிரிக்கெட் பையும் இதே ரகம்தான். பைமேல் உள்ள எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். பீங்கான் சுவர் கொண்ட கமாடோ அடுப்பில் திரவத்தைப் பயன்படுத்தினால் சுவரே அந்த வாடையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கனன்றுகொண்டிருக்கும் கரிமேல் திரவத்தை ஊற்றுவது ருசிப் பிரச்சினை அல்ல, தீ விபத்து. இரண்டு தாள் செய்தித்தாளோ ஒரு மெழுகுக் கட்டியோ போதும் சிம்னிக்கு. பளபளப்பான விளம்பரத் தாள் வேண்டாம். சிம்னியை வெறும் சிமென்ட் தரைமேல் வைக்கவும் வேண்டாம், சூட்டில் தரை தெறித்துப் பெயரும். கிரிலின் அடிக்கம்பிமேலேயே வைத்து மூட்டுங்கள்.

சிம்னியில் கரி எப்போது தயார்? மேல் துண்டுகளின் ஓரம் சாம்பல் நிறமாகி, இடுக்கில் செம்மை தெரிந்தால் எடுத்துக் கொட்டலாம். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். கரும்புகை வரும்போதே கொட்டினால் தணல் அவிந்துவிடக்கூடும்.

இனி, அவசரத்தில் நடக்கும் தவறுக்கு வருகிறேன். இதுதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது. மூடி போட்டதும் தடித்த வெள்ளைப் புகை குபுகுபுவென்று வரும். 'ஆகா, புகை வந்துவிட்டது' என்று கறியை ஏற்றிவிடுகிறார்கள். அது முழுதாக எரியாத புகை. கறியில் கசப்பாகப் படியும், நாக்கின் நுனி மரத்துப்போகும் அளவுக்கு. கொஞ்சம் பொறுத்தால் அது மெலிந்து, வெயிலில் பார்த்தால் லேசாக நீலம் தெரியும் அளவுக்கு ஆகிவிடும். சில நேரம் கண்ணுக்கே தெரியாது, மோந்தால் மட்டும் தெரியும். அதுதான் கறி ஏறும் நேரம். மணத்துக்காகப் போடும் மரத்துண்டுகளையும் மொத்தமாகத் தணல்மேல் கொட்டாமல் கரிக்கிடையே அங்கங்கே புதைத்து வைத்தால் நெருப்பு வரவர ஒன்றொன்றாகப் புகையும்.

வெப்பம் ஏறும் வேகத்தையும் கவனிக்காமல் விடுகிறார்கள். 110 டிகிரி வேண்டுமென்றால் 95ஐத் தொடும்போதே கீழ்க் காற்றுத் துவாரங்களை மூடத் தொடங்க வேண்டும். 110 வந்த பிறகு மூடினால் அதற்குள் பற்றிவிட்ட கரி 140க்கு இழுத்துக்கொண்டு போய்விடும். வெப்பத்தை ஏற்றுவது எளிது, இறக்குவது பெரும்பாடு. கமாடோவில் தாண்டிவிட்டால் சுவர் ஆறவே மணிக்கணக்கு ஆகும். மேல் துவாரம் திறந்தே இருக்கட்டும், அடக்குவதெல்லாம் கீழே. மூடியில் பதித்த வெப்பமானியை நம்பாதீர்கள். கறி இருக்கும் கம்பியின் உயரத்தில் ஒரு வெப்பமானி வையுங்கள்.

'சரி, சூடு அதிகமாகிவிட்டது, மூடியைத் திறந்து ஆற்றுவோம்' என்பது இயல்பாகத் தோன்றும் யோசனை. காற்று உள்ளே போனதும் தணல் இன்னும் எழும்பும். ஆற்றுவதற்காக மூடியைத் திறக்கவே கூடாது. காற்றுக்கு ஏங்கிக் கிடக்கும் கமாடோவைச் சட்டென்று திறந்தால் தீ முகத்துக்கு நேராகப் பாயும். வேறு தேவைக்குத் திறப்பதானால் முதலில் ஒரு அங்குலம் தூக்கி, சில நொடி விட்டு, பிறகு திறக்க வேண்டும்.

நம்மூர்க் கரியில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. டெக்சாஸின் மெஸ்கீட்டும் நம் சீமைக் கருவேலமும் ஒரே பேரினத்து மரங்கள். ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் கரி இதிலிருந்துதான் வருகிறது. மெஸ்கீட் கரியைப் போலவே சூடு அதிகம், பற்றும்போது பொறி தெறிக்கும். ஆகவே இன்னும் குறைவான தணலில் தொடங்குங்கள். நன்றாக வெந்த கரியைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். அரைகுறையாக வெந்த துண்டு மந்தமாக ஒலிக்கும், எடையும் கூடுதல். அதைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள், வெள்ளைப் புகைக்கு அதுவும் ஒரு காரணம்.

கார் நிறுத்தும் கொட்டகையிலோ, மழைக்குப் பயந்து மூடிய வராந்தாவிலோ ஒருபோதும் மூட்டாதீர்கள். மெதுவாக, காற்றுக் குறைவாக எரியும் கரி கார்பன் மோனாக்சைடை நிறையவே வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

சமையல் முடிந்ததும் எல்லாத் துவாரங்களையும் மூடுங்கள், நெருப்பு தானாக அவியும். எஞ்சிய கரியைச் சாம்பல் உதிரும்படி தட்டி, அடுத்த முறை புதுக் கரியோடு கலந்து அடியில் போடலாம். சாம்பலை மட்டும் அன்றே பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டாதீர்கள். உள்ளே ஒரு கங்கு மறுநாள் வரைகூட உயிரோடிருக்கும். மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் இரண்டு நாள் கிடக்கட்டும்.