சீலியாக் இருக்கும் வீட்டில் சாஸ், ஊறுகாய், பெருங்காயம்: பார்த்து வாங்குவது எப்படி?

என் மகளுக்கு சீலியாக் நோய் (கோதுமை, பார்லி, ரை தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைக் கெடுக்கும் நோய்) என்று தெரிந்த வாரம், முதல் வேலையாக சோயா சாஸ் பாட்டிலைத் தூக்கிப் போட்டேன். அவள் தட்டில் ரொட்டி போய் சாதம், இட்லி, தோசை வந்தது. டெல்லியில் இருந்தாலும் நமக்கு அரிசிக்கு என்ன பஞ்சம் என்று ஒரு தெம்பு. மூன்று மாதம் ஆகியும் அவளுடைய வயிற்று உப்புசம் குறையவில்லை. கடைசியில் பார்த்தால், தினமும் சாம்பாரில் நானே ஒரு சிட்டிகை மைதா போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், பெருங்காயம் என்ற பெயரில்.

அதனால் இந்த விளக்கத்தையும் அங்கேயே தொடங்குகிறேன்.

படி 1: பெருங்காய டப்பாவைத் திருப்புங்கள்

ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து வரும் அசல் பெருங்காயப் பிசினின் காரமும் நெடியும் தாங்க முடியாதவை. அப்படியே சமையலில் போட முடியாது என்பதால் மாவும் கோந்தும் கலந்து விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் மைதா. சில தயாரிப்புகளில் அரிசி மாவு. தூளில்தான் இந்தக் கலப்படம், கட்டி சுத்தமானது என்று என் மாமியார் அடித்துச் சொல்வார். கட்டியிலும் உண்டு. அரிசி மாவு கலந்தது, குளூட்டன் ஃப்ரீ என்று அச்சிட்டது, இரண்டும் சேர்ந்திருந்தால் வாங்குங்கள்.

அப்புறம் அதன் சொந்தக்காரர்களைத் தேடுங்கள்: சாம்பார் பொடி, ரசப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, புளியோதரை பேஸ்ட், அப்பளம், ஊறுகாய். ஊறுகாய் பாட்டிலில் 'பெருங்காயம்' என்று ஒரே சொல்தான் இருக்கும். அதற்குள் எந்த மாவு என்பது பல சமயம் இருக்காது. குளூட்டன் ஃப்ரீ என்று தெளிவாகப் போடாத ஊறுகாயை நான் வாங்குவதில்லை. எலுமிச்சையும் உப்பும் மிளகாய்த்தூளும் வீட்டில் இல்லாமலா போகும்?

படி 2: லேபிளில் மூன்று இடம்

முதலில் குளூட்டன் ஃப்ரீ என்ற சொல். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கும் பொருளில் அப்படிப் போடக்கூடாது. 'லோ குளூட்டன்' என்பது வேறு; அதில் 100 வரை இருக்கலாம். நமக்கு அது வேண்டாம்.

அடுத்தது சேர்மானப் பட்டியல். கோதுமை, மைதா, ரவை, பார்லி, ரை, மால்ட் (பெரும்பாலும் முளைகட்டிய பார்லி) என்று எது தெரிந்தாலும் கீழே வையுங்கள். இங்கே சின்னக் கம்பெனிப் பொருள்களில் இந்தியிலும் எழுதியிருக்கும்: கேஹூன் என்றால் கோதுமை, சூஜி ரவை, ஜௌ பார்லி. 'கோதுமை இல்லை' என்று பெரிதாகப் போட்ட பொருளில் பார்லி மால்ட் ஒளிந்திருக்கலாம்.

மூன்றாவது, அதன் கீழே 'கன்டெய்ன்ஸ்', 'மே கன்டெய்ன்' என்று தொடங்கும் ஒவ்வாமை வரி. கடையில் அவசரம் என்றால் இதை முதலில் பாருங்கள். பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டுமே சொல்லும். அதை நம்பி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

படி 3: பாட்டில்கள்

சோயா சாஸ்: பெயரில் சோயாதான், ஆனால் மரபான முறையில் வறுத்த கோதுமையும் சேர்த்துத்தான் நொதிக்க வைக்கிறார்கள். நொதிக்கும்போது குளூட்டன் துண்டு துண்டாகிவிடுவதால் சில சோதனைகளில் சரியாகத் தெரிவதில்லை. எனவே கோதுமை போட்டுச் செய்ததைத் தொடவே வேண்டாம். டமாரி என்ற ஜப்பானிய வகை பெரும்பாலும் கோதுமை இல்லாமல் செய்வது. அதிலும் லேபிள் பார்க்க வேண்டும். டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். விலை கொஞ்சம் கடிக்கும்.

ஷெஸ்வான் சட்னி, ஆய்ஸ்டர் சாஸ், மஞ்சூரியன் பேஸ்ட் எல்லாவற்றிலும் சோயா சாஸ் உள்ளே இருக்கலாம். வினிகரில் மால்ட் வினிகர் மட்டும் பார்லியிலிருந்து வருவது. செயற்கை வினிகரில் தொல்லை இல்லை. தக்காளி கெட்சப், மயோனைஸ், கடுகு சாஸ் பெரும்பாலும் பிரச்சினை செய்யாது, ஆனால் கெட்டிப்படுத்த என்ன மாவு போட்டார்கள் என்று பாருங்கள். சோள மாவு என்றால் சரி.

படி 4: சக்கி

சாம்பார் பொடியை வீட்டிலேயே வறுத்து, தெருமுனைச் சக்கியில் (மாவு மில்லில்) கொடுத்து அரைக்கிறீர்களா? டெல்லிச் சக்கியில் காலை முதல் இரவு வரை கோதுமைதான் ஓடும். அதே கல்லில் உங்கள் மல்லியும் மிளகாயும். மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நறநறவென்று இருந்தால் என்ன? கடலை மாவுக்கும் இதே கதைதான்.

படி 5: கரண்டி

நல்ல பாட்டிலும் கெட்டுப்போகும். ரொட்டி பிய்த்த கையோடு ஊறுகாயில் விரல், பிரெட்டில் தடவிய கத்தியோடு ஜாமில் ஒரு முக்கு. மகளுக்கென்று சிவப்பு மூடி போட்ட தனி ஜாடிகள், தனிக் கரண்டிகள் வைத்திருக்கிறேன். சப்பாத்தி இடும் மேடைக்குப் பக்கத்தில் அவை நிற்காது.

வெளியே சாப்பிடும்போது ஹோட்டல் சாம்பாரை அவள் தொடுவதில்லை; தேங்காய்ச் சட்னியிலும் பெருங்காயத் தாளிப்பு உண்டா என்று கேட்பாள். கோல்கப்பா (பானி பூரி) கடையில் புளிச் சட்னியில் பெருங்காயம் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், அந்தக் கரண்டி ரவைப் பூரியின் மேல் எத்தனை முறை பட்டிருக்கும்! போன வாரம் தோழிகள் மோமோ வாங்கியபோது, இவள் பையிலிருந்து வீட்டு வேர்க்கடலைச் சட்னியும் நாலு இட்லியும் எடுத்தாளாம். சட்னி பாதிக்கு மேல் மோமோக்காரர்களிடம் போய்விட்டது என்று வந்து புகார்.