சிபி350-க்கு 1969-இன் சிவப்பு: ராயபுரம் மொட்டை மாடியில் கேண்டி பெயிண்ட்

புல்லட் தயாரான திருவொற்றியூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஜப்பானியப் பழமையைப் பேசினால் தெருவில் முறைப்பார்கள். இருந்தாலும் என் ஆசை 1969-இல் வந்த ஹோண்டா சிபி750 மீதுதான். அது கைக்கு எட்டாது. வீட்டில் இருப்பது ஹைனஸ் சிபி350. வட்ட விளக்கும் டேங்கின் வளைவும் ஏற்கெனவே அந்தச் சாயலில்தான் இருக்கின்றன. குறை நிறத்தில்தான். எனக்கு வேண்டியது பழைய சிபி750-இன் கேண்டி சிவப்பு.

சீட்டை முதலில் முடித்துவிடுங்கள். சீட் கவர் கடையில் ஸ்பாஞ்சைத் தட்டையாகச் சீவச் சொல்லி, குறுக்குக் கோடு தைத்த கறுப்பு ரெக்சின் போட்டால் போதும். ஹாண்டில்பாரை மாற்றினால் இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் ஹோஸும் கிளட்ச் கேபிளும் இழுபடுகின்றனவா என்று பாருங்கள். சைலன்சரைத் தொடாதீர்கள். சத்தத்தால் வண்டி பழையதாகிவிடாது.

இனி டேங்க். இது இன்ஜெக்ஷன் வண்டி; பம்ப்தான் பெட்ரோலை அழுத்தத்தோடு இன்ஜினுக்கு அனுப்பும். பம்பின் கனெக்டரைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டால் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, டேங்கை இறக்கலாம். பழைய பெயிண்ட்டை 400, பிறகு 600 எண் வாட்டர் பேப்பரால் மங்கவைத்தால் போதும். தகரம் தெரியும்வரை தேய்க்காதீர்கள். காசிமேட்டுக் காற்றில் காலைக்குள் துரு எட்டிப்பார்க்கும்.

கேண்டி என்பது தனி நிறம் அல்ல. அடியில் வெள்ளி, மேலே கண்ணாடிபோன்ற சிவப்பு, அதற்கும் மேல் கிளியர் என்ற நிறமில்லாத பூச்சு. வெளிச்சம் சிவப்பைத் தாண்டி வெள்ளியில் பட்டுத் திரும்புவதால்தான் அந்த ஆழம். அதனால் ஒவ்வொரு கோட் சிவப்பு ஏற ஏற நிறம் கறுத்துக்கொண்டே போகும். பிஸ்கட் டின் மூடியில் வெள்ளி அடித்து, பட்டை பட்டையாக டேப்பை உரித்தபடி ஒன்று முதல் ஆறு கோட் வரை அடித்துப் பார்த்தேன். நான்கில் ரூபி, ஐந்தில் மாதுளைத் தோல், ஆறில் காய்ந்த ரத்தம். நான்கோடு நிறுத்தினேன். சைடு பேனல்களையும் அதே நாளில், அதே கோட் கணக்கில் அடியுங்கள். இல்லையென்றால் டேங்க் ஒரு வண்டி, பேனல் ஒரு வண்டி என்று தெரியும்.

நான் சறுக்கியது நேரத்தில். வேலை முடிந்து வந்து மாலை ஆறரைக்கு அடித்தேன். தூசி அடங்கட்டும் என்று மாடி முழுக்கத் தண்ணீர் வேறு தெளித்திருந்தேன். பத்து நிமிடத்தில் சிவப்பின் மேல் பால் ஊற்றியதுபோல் வெள்ளை பூத்தது. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. கடல்காற்று ஏறிய மாலையில், நனைந்த தரையில், வேறென்ன நடக்கும்? முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டு, ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல், கடல்காற்று வீசத் தொடங்குவதற்குள் அடித்தேன். மெதுவாக உலரும் தின்னரையே கேட்டு வாங்குங்கள்.

கிளியருக்கு ஹார்டனர் (இறுகவைக்கும் ரசாயனம்) கலக்கும் டூ-கே வகைதான் என் கட்சி. ஸ்பிரே டப்பா கிளியர் மலிவுதான்; பங்கில் நாலு சொட்டுப் பெட்ரோல் சிந்தினால் கரைந்துவிடும். ஆனால் ஹார்டனர் புகை நுரையீரலுக்கு ஆகாது. துணி முகக்கவசம் போதாது, ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும்.

பின்சேர்க்கை: ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) பற்றிப் பலர் கேட்டார்கள். நிறம் அதில் பதிவான விவரம். மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவையும் திருத்திக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. டேங்கை மாட்டியதும் பம்ப் கனெக்டரைத் திரும்பச் செருகுங்கள். புது நிறத்தைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் கூடி நின்றபோது, கால் மணி நேரம் ஸ்டார்ட்டரை அமுக்கிக்கொண்டிருந்தேன். கனெக்டர் தொங்குவதைக் காட்டியது அவர்களில் ஒருவன்தான்.