வகுப்பைப் பார்வையிடும் தலைமையாசிரியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் பல வருடம் ஆசிரியையாகவும், அப்புறம் தலைமையாசிரியையாகவும் வேலை பார்த்தேன். பொறுப்பேற்ற முதல் வருடம், வகுப்புக்குள் நுழைந்ததும் நான் கை நீட்டிக் கேட்டது பாடக்குறிப்பேட்டைத்தான். புரட்டிப் பார்த்து, தேதி போட்டு, கையெழுத்திட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன். ஒரு பிள்ளையின் நோட்டைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. புதிதாக எச்.எம். ஆகிறவர்களில் பலர் இதே தவறைச் செய்கிறார்கள்.

குறிப்பேட்டில் இருப்பது ஆசிரியர் நடத்த நினைத்த பாடம். நடந்த பாடம் பிள்ளைகளிடம் இருக்கிறது. கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். பக்கத்துப் பிள்ளையிடம் மெதுவாக, "இப்ப என்ன பண்றே? எதுக்காக?" என்று கேளுங்கள். "போர்டுல இருக்கறதை எழுதுறேன் மிஸ்" என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லையென்றால், குறிப்பேடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பாடம் பிள்ளையைப் போய்ச் சேரவில்லை.

அடுத்தது, "புரிஞ்சுதா?" என்றதும் வகுப்பே சேர்ந்து "புரிஞ்சுது மிஸ்" என்று சொல்வதை நம்பிவிடுவது. அந்தக் கோரஸில் புரியாத பிள்ளையின் குரலும் சேர்ந்தே ஒலிக்கும். 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று கவனித்தார். சராசரியாக ஒரு நொடிதான். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில், பக்கத்தில் மின்சார ரயில் ஓடும் சத்தத்தில், மூன்று நொடி அமைதியாக நிற்பது ஆசிரியருக்குக் கஷ்டம்தான். அதனால்தான் நின்ற ஆசிரியரைப் பார்த்து "நல்லா காத்திருந்தீங்க" என்று நாம் சொல்ல வேண்டும். பார்வையிட வருகிறவர் எதைப் பாராட்டுகிறாரோ, மறுநாள் அதுதான் வகுப்பில் வளரும்.

குறையைப் பிள்ளைகள் முன்னால் சொல்லவே சொல்லாதீர்கள். போர்டில் எழுத்துப் பிழை இருந்தால்கூட வெளியே வந்தபின் சொல்லலாம். பிள்ளைகள் எதிரில் சிறுமைப்பட்ட ஆசிரியர் அதற்கப்புறம் எந்தப் புது முயற்சியும் செய்யத் துணிய மாட்டார். பேசுவதை அன்றைக்கே பேசிவிடுங்கள். பத்து நிமிடம், ஒரே ஒரு விஷயம் போதும். பன்னிரண்டு குறைகளை எழுதி நீட்டினால் ஒன்றும் மாறாது, மனக்கசப்பு மட்டும் மிஞ்சும்.

தொடக்க வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் கற்பதற்காக 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி கொடுக்கிறோம். நிலை மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பெயர்களே. "அவன் அரும்புதான் மிஸ்" என்று ஆசிரியர் பிள்ளையின் காதுபடச் சொன்னால், அன்றே தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். "போன மாசம் எங்க இருந்தான், இப்ப எங்க இருக்கான்?" என்று கேளுங்கள்.

சென்னைக்கே உரிய இன்னொரு தவறும் உண்டு. மழை விடுமுறைக்கு அப்புறம் போர்ஷனை விரட்டுவது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் இங்கே பள்ளிகள் பல நாள் மூடிக்கிடந்தன, அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து நோட்டும் புத்தகமும் நனைந்துபோன பிள்ளையிடம், திரும்பி வந்த முதல் நாளே இரண்டு பாடத்தைச் சேர்த்து நடத்துவது என்ன நியாயம்? அந்த வாரம் வகுப்புக்குள் போனால், எத்தனை பாடம் முடிந்தது என்று கேட்காதீர்கள். யார் யார் இன்னும் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேளுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு ரிசல்ட்டை வைத்து ஆள் போடுவது. அனுபவமுள்ள ஆசிரியர்களெல்லாம் பத்தாம் வகுப்புக்கு, புதிதாக வந்தவரும் தற்காலிக ஆசிரியரும் ஆறாம் வகுப்புக்கு. நானும் அப்படித்தான் போட்டேன். எச்.எம். பார்வையிடப் போவதும் பத்தாம் வகுப்புக்குத்தான். ஆனால் ஒரு பத்தியைத் தடங்கல் இல்லாமல் வாசிக்க முடியாத பிள்ளை ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே கவனிக்காததைப் பத்தாம் வகுப்பு மாலை வகுப்பில் யாராலும் ஈடுகட்ட முடியாது. 6 முதல் 9 வரையிலான பிள்ளைகளின் அடிப்படைத் திறனுக்காக 2025இல் தமிழக அரசு 'திறன்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்ததும் இந்த இடைவெளிக்காகத்தான். அதற்கான நேரத்தை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ள விடாதீர்கள். ஜூனில் கால அட்டவணை போடும்போது, தமிழும் கணக்கும் நன்றாக நடத்தும் ஒருவரையாவது ஆறாம் வகுப்புக்குக் கேட்டு வாங்குங்கள். முதல் வாரமே அந்த வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதைக் கேளுங்கள்.