உலோகக்கலவையின் படிக அமைப்பு: பீக் சரி, முடிவு தப்பு

ஒரு சிறிய செம்புக் கலவைத் துண்டை எக்ஸ்ஆர்டி கருவியில் (எக்ஸ் கதிர் சிதறும் கோணங்களை வைத்துப் படிக அமைப்பைச் சொல்லும் கருவி) வைத்து ஓட்டுகிறீர்கள். கதிரைத் தருவது செம்பு இலக்குக் குழாய், அலைநீளம் 1.5406 ஆங்ஸ்ட்ராம். செம்பின் பீக்குகளோடு (கதிர் பலமாகத் திரும்பும் கோணங்களில் எழும் முகடுகள்) 44.7, 65.1, 82.4 டிகிரியிலும் மூன்று பீக்குகள். சாப்ட்வேர் தயங்காமல் 'இரும்பு, பொருள் மைய கனசதுரம்' (மூலைகளிலும் நடுவிலும் அணு உள்ள கனசதுரம்) என்கிறது. கலவையில் இரும்பே கிடையாதே!

அது சாம்பிளைத் தாங்கும் அலுமினியத் தட்டு. துண்டு சின்னது, கதிர் வழிந்து தட்டில் பட்டுவிட்டது. அலுமினியத்தின் அலகுகூட்டுப் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டம்) பக்கம் 4.05 ஆங்ஸ்ட்ராம், இரும்பின் 2.866-ஐ √2 ஆல் பெருக்கினாலும் கிட்டத்தட்ட அதுதான். அதனால் இரும்பின் பீக் விழும் இடத்திலெல்லாம் அலுமினியத்துக்கும் ஒன்று விழும். காட்டிக்கொடுப்பவை 38.5-இலும் 78.2-இலும் வரும் பீக்குகள்; அவை இரும்புக்கு இல்லை. நேரத்தை மிச்சம் பிடிக்க ஸ்கேனை 40 டிகிரியில் தொடங்கினால் முதல் சாட்சி போச்சு.

அடுத்த சறுக்கல் கணக்கில். பீக்குகளின் sin²θ மதிப்புகள் (θ என்பது பீக் விழும் கோணத்தில் பாதி) 1:2:3:4:5:6 என்று வந்தால் எளிய கனசதுரம் (மூலைகளில் மட்டும் அணு) என்று எழுதிவிடுகிறார்கள். பொருள் மைய கனசதுரத்துக்கும் இதே விகிதம்தான் (2:4:6:8:10:12). வித்தியாசம் ஏழாவது பீக்கில்தான் தெரியும்: எளிய கனசதுரத்தில் 7 வராது, 8-க்குத் தாவிவிடும். வேடிக்கை என்னவென்றால், செம்புக் கதிரில் இரும்புக்கு ஆறு பீக்குக்கு மேல் வரவே வராது. ஏழாவதற்கு sin²θ ஒன்றைத் தாண்டிவிடுகிறது. அப்போது அடர்த்தியைக் கேளுங்கள். இரும்பை எளிய கனசதுரமாக வைத்துக் கணக்கிட்டால் 11 கிராம்/க.செ.மீ.-க்கு மேல் வரும். உண்மையில் 7.87.

இரும்புக் கலவைக்குச் செம்புக் கதிரே கொஞ்சம் தொல்லைதான். இரும்பு தானும் எக்ஸ் கதிரை உமிழ்ந்து பின்னணியை ஏற்றிவிடும், சின்ன பீக்குகள் அதில் மூழ்கிவிடும். கோபால்ட் குழாய் இருந்தால் அதைப் போடுங்கள்.

சாம்பிளின் உயரம் 0.1 மி.மீ. பிசகினால், 240 மி.மீ. ஆரமுள்ள கருவியில் பீக் ஏறக்குறைய 0.05 டிகிரி நகரும். இரும்பின் முதல் பீக்கில் இது அலகுகூட்டுப் பக்கத்தில் 0.003 ஆங்ஸ்ட்ராம் பிழை. இதைப் பார்த்து 'வேறு தனிமம் கரைந்திருக்கிறது' என்று கதை கட்டுவது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது. மேற்பரப்பில் கொஞ்சம் சிலிக்கான் தூளைத் தூவி, அதன் பீக் 28.44-இல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.

உருட்டிய தகட்டில் பீக்குகளின் உயரத்தை நம்பாதீர்கள். படிகத் துகள்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். சரி, அரத்தால் ராவித் தூளாக்கலாமா? ராவினால் பீக்குகள் அகலமாகும், எஃகில் மிஞ்சிய ஆஸ்டெனைட் என்ற படிக வடிவம் மார்டென்சைட் என்ற வேறொரு வடிவமாக மாறவும் கூடும். அதாவது நீங்கள் அளப்பது அரம் உண்டாக்கிய அமைப்பை. மென்மையாக மெருகிட்டு மின்வேதி முறையில் மேலடுக்கைக் கரைத்தெடுப்பது நல்லது.

கடைசியாக ஒன்று. 50:50 செம்பு-துத்தநாகக் கலவையில் அணுக்கள் ஒழுங்காக மாறிமாறி அமர்ந்திருந்தாலும் அதைச் சொல்லும் கூடுதல் பீக்குகள் எக்ஸ் கதிரில் தெரிவதே கடினம். செம்புக்கு 29 எலக்ட்ரான், துத்தநாகத்துக்கு 30. கதிருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பீக் தெரியவில்லை என்பதை வைத்து 'ஒழுங்கில்லை' என்று எழுத முடியாது. நியூட்ரானுக்கு அந்த இரண்டும் நன்றாகவே வேறாகத் தெரியும்.